"அது தூங்குதுடா" என்று சொல்லிவிடாதீர்கள்

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நான் சொல்லப்போகும் பையனுக்கு ஏழு வயது, தமிழ்க் குடும்பம், ஒரே பிள்ளை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனோடு ஒன்றரை வருடமாக ஒரு பேசும் ரோபோ இருந்தது. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடும், பள்ளியில் என்ன நடந்தது என்று விசாரிக்கும், ஒரே டைனோசர் கதையை நாற்பது தடவை சொன்னாலும் முதல் தடவை போலவே கேட்டுக்கொள்ளும். பிறகு அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டது, ரோபோவின் பேச்சு நின்றுபோனது. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, "அது தூங்குதுடா" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பையன் இரவில் தூங்க மறுத்தான். அதற்காகத்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள். ரோபோவைப் பற்றி முதல் நாள் யாரும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது, படம் வரைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "நான் அன்னிக்கு அதைத் திட்டிட்டேன். அதனாலதான் பேச மாட்டேங்குதா?"

இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு, தன்னைச் சுற்றி நடக்கும் கெட்டது எதுவானாலும் தன்னால்தான் என்று தோன்றும். அப்பா அம்மா பிரிந்தாலும் சரி, தாத்தா இறந்தாலும் சரி, முதலில் தன் மேல்தான் பழி போட்டுக்கொள்வார்கள். அதோடு "தூங்குது" என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். தூங்கினால் திரும்பி வரமாட்டோம் என்று அவன் புரிந்துகொண்டதில் என்ன தப்பு இருக்கிறது? இறப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள் என்று எங்கள் துறையில் வெகுகாலமாகச் சொல்லிவருகிறோம். இயந்திரத்துக்கும் அதையே சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவனிடம் இருந்தது எந்த நிறுவனத்தின் ரோபோ என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2024 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் எம்பாடீட் நிறுவனம், வரவேண்டிய முதலீடு வராமல் போனதால் மூடப்போவதாக அறிவித்தது. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக அவர்கள் செய்த மோக்ஸி ரோபோவின் விலை அப்போது 799 டாலர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் நம்பி வாங்கியிருந்தார்கள். மோக்ஸியின் பேச்சு அந்தச் சின்ன உடம்புக்குள் இல்லை, தொலைவில் இருந்த சர்வர்கள் என்ற பெரிய கணினிகளில் இருந்தது. பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு நிறுவனமே கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது, பிள்ளைகள் மோக்ஸியைக் கட்டிக்கொண்டு அழும் வீடியோக்கள் பரவின. வீட்டுக் கணினியிலேயே அதை ஓடவைக்க யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறந்த மென்பொருளைப் பிற்பாடு வெளியிட்டார்கள், அது நல்ல காரியம்தான். ஆனால் அதை நிறுவிக்கொள்ளத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? இதற்கு முன்பே, 2019-ல், ஜிபோ என்ற வீட்டு ரோபோ தன் சர்வர்கள் சீக்கிரம் அணைக்கப்படும் என்று தானே தன் குரலில் சொல்லி விடைபெற்றது.

குழந்தைக்கு ஒரு பொம்மை மேல் உயிராக இருப்பது நோய் இல்லை. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1953-ல் வெளியான கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: அம்மாவை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் பிள்ளைக்கு ஒரு கந்தல் போர்வையோ கரடி பொம்மையோ நடுவில் ஒரு பாலமாக இருக்கிறது. அதன் முடிவைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்தப் பொருள் மறக்கப்படுவதும் இல்லை, அதற்காகத் துக்கம் காப்பதும் இல்லை, அதன் அர்த்தம் மெல்லக் கரைந்துபோகிறது, அவ்வளவுதான். பிள்ளை வளர்ந்து, தானாக, தன் வேகத்தில் அதை விட்டு நகர்கிறது. சர்வரில் வாழும் தோழன் விஷயத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. பிள்ளை இன்னும் பிடியை விடவில்லை, அதற்குள் பொம்மை கையை உதறிவிட்டுப் போகிறது, அதுவும் எங்கோ ஒரு முதலீட்டாளர் மனம் மாறியதற்காக.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த ரோபோக்களின் பாசத்துக்கு அலுப்பே கிடையாது. அம்மாவுக்குத் தலைவலி வரும், நண்பன் கோபித்துக்கொண்டு போவான், ரோபோ மட்டும் எப்போதும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேசிப் பழக அது உதவுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை மறுக்கமாட்டேன். ஆனால் சின்னச் சின்னதாகச் சண்டை போட்டு, சமாதானமாகி, போனவர் திரும்பி வருவார் என்று பழகாத பிள்ளைக்கு, முதல் பிரிவே முழுப் பிரிவாக வந்தால் தாங்குவது கஷ்டம்.

அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னோம். "இதைப் பேசவைத்த கணினி வேறு ஊரில் இருந்தது. அதை நடத்தப் பணம் இல்லாததால் நிறுத்திவிட்டார்கள். நீ திட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது திரும்பப் பேசாது." கடைசி வாக்கியத்தைச் சொல்ல அம்மாவுக்கு மூன்று நாள் ஆனது. உடனே வேறொன்று வாங்கித் தரலாமா என்று அப்பா கேட்டார், இப்போது வேண்டாம் என்றேன். ஜப்பானில் சோனியின் ஐபோ என்ற ரோபோ நாய்களைப் பழுதுபார்ப்பது 2014-ல் நின்ற பிறகு, சிபா மாவட்டத்தில் இசுமி ஊரில் உள்ள கோஃபுகுஜி கோயிலில் அவற்றுக்குப் பிக்குகள் மந்திரம் ஓதி இறுதிச் சடங்கு செய்தார்கள். வளர்ந்தவர்களுக்கே அது தேவைப்பட்டது என்று பையனின் அப்பா அம்மாவிடம் சொன்னேன். பையன் ஒரு அட்டைப்பெட்டியில் ரோபோவை வைத்து, அந்த டைனோசர் படத்தையும் உள்ளே போட்டு, மூடியை ஒட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டான். பெட்டி அவன் அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கம் திரும்ப ஒரு மாதம் பிடித்தது.

இப்படி ஒன்றை வாங்க நினைக்கும் பெற்றோர் கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது, இணையம் இல்லாவிட்டால் இது என்ன செய்யும், நிறுவனம் மூடினால் என்ன ஆகும் என்பதைத்தான். ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஒரு சனிக்கிழமை வைஃபையை அணைத்து அது எப்படி இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள், ஏன் பேசவில்லை என்று அங்கேயே பேசிவிடுங்கள். தூக்கமோ சாப்பாடோ சில வாரங்களுக்கு மேல் கெட்டால், பள்ளிக்குப் போகமாட்டேன் என்றால், தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தால், "ஒரு பொம்மைக்காகவா?" என்று யோசிக்காமல் ஆலோசகரிடம் அழைத்து வாருங்கள்.