அதிகாரிக்கு 18 கட்டம்

எகிப்துக் கல்லறை ஓவியங்களில் ஒருவர் மட்டும் பூதாகாரமாக நிற்க, மற்றவர்கள் அவர் முழங்கால் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அந்தக் கால ஓவியர்களுக்கு அளவு தெரியாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நன்றாகவே தெரியும். அங்கே உருவத்தின் உயரம்தான் பதவியின் உயரம்.

வரைவதற்கு முன் நூலைச் செங்காவியில் நனைத்து, சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுவார்கள். நம் ஊர்த் தச்சர் மரத்தில் நூல் அடிக்கிறாரே, அதேதான். குறுக்கும் நெடுக்குமாக அடித்தால் கட்டங்கள் கிடைத்துவிடும். நிற்கும் மனிதருக்கு உள்ளங்காலிலிருந்து முன்நெற்றி முடி வரை 18 கட்டம். முழங்கால் 6-ஆவது கோட்டில், தோள் 16-ஆவதில். ஆள் பெரிதாக வேண்டுமென்றால் கட்டத்தைப் பெரிதாக்கினால் போதும், விகிதம் பிசகாது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இந்தக் கறார் விதி முக்கியமாகப் பெரிய மனிதர்களுக்குத்தான். சின்ன ஆட்களைப் பல இடங்களில் ஓவியர் கட்டம் பார்க்காமல் கைபோன போக்கில் வரைந்திருக்கிறார்.

நைல் நதிக்கரை நகரமான லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள மென்னாவின் கல்லறையில் இதை நன்றாகப் பார்க்கலாம். வயது சுமார் 3,400 ஆண்டுகள். மென்னா அரசரின் வயல்களைக் கவனித்த அதிகாரி. ஓவியத்தில் அவருக்குத் தொப்பையும் இல்லை, முதுமையும் இல்லை, எப்போதும் ஒரே விறைப்பு. அவருடைய ஆட்கள் விளைந்த பயிரைக் கயிறு பிடித்து அளக்கிறார்கள். வரி கணக்கிடும் வேலை அது. அதே வயலில் இரண்டு சிறுமிகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்துச் சண்டை போடுகிறார்கள். இன்னொருத்தி தோழியின் பாதத்தில் தைத்த முள்ளைக் குனிந்து எடுக்கிறாள். மர நிழலில் ஒருவர் கண்ணயர்ந்திருக்கிறார். உயிருள்ள உடம்பெல்லாம் அதிகாரமில்லாதவர்களிடம்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், மென்னாவைவிட அந்த முள் எடுக்கும் சிறுமிதான் அருமையான ஓவியம்.

பிற்காலத்தில் யாரோ மென்னாவின் கண்களைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். படத்துக்கும் பார்வை உண்டு, பலம் உண்டு என்று நம்பிய சமூகம் அது. ஆளை முடக்க அவர் படத்தின் கண்ணை அழித்தாலே போதும்.

2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவிகளை இந்தக் கல்லறைக்குள்ளேயே கொண்டுபோய், சுவரைத் தொடாமல் நிறமிகளைச் சோதித்தார்கள். மறுமை உலகின் கடவுளான ஓசிரிஸை வணங்கும் மென்னாவின் கையை இடம் மாற்றித் திருத்தியிருப்பது தெரிந்தது. திருத்திய பூச்சின் கலவையும் முதலில் பூசியதிலிருந்து வேறுபட்டிருந்தது. மம்மி சாபம் என்று கதை கட்டுவதற்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட வேலைக்கு வந்தால், மற்றக் கல்லறைகளில் யார் யாரைத் திருத்தினார்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.