கூடச் சொன்னால் குறைந்துபோகும் உரிமை

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தும் வாசகர் கேட்டிருந்தார்: “உத்யம் பதிவு இருந்தால் காப்புரிமைக் கட்டணம் குறைவு என்கிறார்கள். நாங்கள் ஒரு புது அமைப்பு செய்திருக்கிறோம். விண்ணப்பம் போட்டுவிட்டால் காப்பியடிப்பவரைத் தடுக்க முடியுமா?”

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. கட்டணம் பற்றி அவர் கேள்விப்பட்டது சரிதான். 2016 மே மாதம் மத்திய அரசு தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையை வெளியிட்டது. விழிப்புணர்வு, சட்டம், நிர்வாகம், வணிகமாக்கல் உள்பட ஏழு இலக்குகள். சிறு தொழில்களை இந்தப் பக்கம் அழைத்துவருவதும் அதில் அடக்கம். 2020 நவம்பரில் சிறு நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் தனிநபர் கட்டணத்துக்கு இறக்கப்பட்டது. ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கோருவதற்கு 4,000, பெரிய நிறுவனங்களுக்கு 20,000. படிவம் 28-உடன் உத்யம் சான்றிதழை இணைத்தால் இந்தச் சலுகை கிடைக்கும். வணிகச்சின்னப் பதிவுக்கும் 9,000-க்குப் பதில் 4,500 கட்டினால் போதும்.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் கட்டணத்தில் இல்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அங்கே எண் போட்டு வரிசையாகச் சில வாக்கியங்கள் இருக்கும். அவற்றுக்கு உரிமைகோரல்கள் என்று பெயர். படம், விளக்கம், பயன் எல்லாம் முன்னால் எத்தனை பக்கம் இருந்தாலும், உங்களுக்கு எது சொந்தம் என்பதை முடிவு செய்வது இந்த வாக்கியங்கள்தான். காப்புரிமைச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்ததும் கற்கள் தானாக மேலே எழும்பும் ஒரு கிரைண்டர். மாவை வழிக்க வசதி. இதைச் செய்தவர் உரிமைகோரலை இப்படி எழுதுகிறார்: “ஒரு பாத்திரம், அதைச் சுழற்றும் மோட்டார், உள்ளே உருளும் கற்கள், மூடியோடு இணைந்து, மூடி திறக்கும்போது கற்களை உயர்த்தும், இரண்டு ஸ்பிரிங்குகள் கொண்ட ஓர் எஃகு நெம்புகோல் ஆகியவை அடங்கிய அரவை இயந்திரம்.”

படித்தால் குறையே தெரியாது. தன் கையால் செய்ததை அப்படியே நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் விதி இப்படி: ஒரு பொருள் உங்கள் உரிமையை மீறுகிறது என்று சொல்ல வேண்டுமானால், உரிமைகோரலில் சொன்ன ஒவ்வோர் உறுப்பும் அந்தப் பொருளில் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் எஃகுக்குப் பதில் கெட்டி பிளாஸ்டிக்கில் நெம்புகோல் செய்து ஒரே ஒரு ஸ்பிரிங் போட்டால், வாக்கியத்தின்படி அவர் வெளியே. சிறு மாற்றம்தான், வேலை ஒன்றுதானே என்று பார்த்து மீறல் என நீதிமன்றம் தீர்ப்பளிப்பதும் உண்டு. அதை நம்பி எழுத முடியாது.

‘எஃகு’, ‘இரண்டு ஸ்பிரிங்குகள்’ ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்காரரும் உள்ளே வந்துவிடுகிறார். ‘நெம்புகோல்’ என்பதையும் எடுத்துவிட்டுக் ‘கற்களை உயர்த்தும் அமைப்பு’ என்று எழுதினால், சங்கிலி வைத்துத் தூக்குபவர்கூட உள்ளே. ஒவ்வொரு சொல்லை நீக்கும்போதும் உரிமை விரிகிறது, சேர்க்கும்போது சுருங்குகிறது. வீட்டுப் பத்திரத்தில் விவரம் கூடக் கூடப் பாதுகாப்பு என்று பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாச் சொல்லையும் எடுத்துவிடலாமே? அங்கேதான் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் வருகிறார். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கே வெளியான ஆவணமும் அவர் கையில் ஆயுதம். பழைய ஜப்பானியக் காப்புரிமை ஒன்றில் கற்களை உயர்த்தும் ஏதோ ஓர் அமைப்பு இருந்தாலும் உங்கள் அகலமான வாக்கியம் புதுமை இழந்து விழுந்துவிடும். குறுகலாக எழுதினால் போட்டியாளர் தப்புகிறார், அகலமாக எழுதினால் பழைய அறிவு வந்து இடிக்கிறது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு அழகானது. ஒன்றாம் உரிமைகோரலைத் துணிந்து அகலமாக எழுதுவார்கள். “ஒன்றாம் உரிமைகோரலில் சொன்ன இயந்திரம்; அதில் உயர்த்தும் அமைப்பு ஒரு நெம்புகோல்” என்பது இரண்டாவது. “அந்த நெம்புகோலுக்கு ஸ்பிரிங் உண்டு” என்பது மூன்றாவது. ஸ்ரீரங்கத்துப் பிராகாரங்கள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. வெளிமதில் விழுந்தாலும் உள்மதில் நிற்கும். அடிப்படைக் கட்டணத்திலேயே பத்து உரிமைகோரல்கள் வரை எழுதலாம் என்பதால் இதற்குத் தனியாகச் செலவும் இல்லை.

இன்னொரு விதியையும் பாருங்கள். சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, பின்னால் செய்யும் எந்தத் திருத்தமும் முதலில் கோரிய எல்லைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். சுருக்கலாம், விரிக்க முடியாது. ‘எஃகு’ என்று எழுதித் தாக்கல் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘எந்தப் பொருளாலும் ஆன’ என்று மாற்ற வழியில்லை. முதல் நாள் எழுதிய வாக்கியம் இருபது வருடத்துக்கான தலைவிதி.

உரிமைகோரல் எழுதும் ஆள் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கவும் கூடாது. தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்று உண்டு. அதில் உரிமைகோரலே தேவையில்லை; அமைப்பைப் படத்தோடு முழுமையாக விளக்கினால் போதும். அன்றைய தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போடும் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிட வேண்டும். ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால் முன்தேதிக்காரருக்குத்தான் உரிமை. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருந்தால் உரிமை வந்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். அப்புறம், விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டிவிடாதீர்கள். அரசு அதற்கென அறிவித்த கண்காட்சிகள் போன்ற சில இடங்களுக்கு மட்டும் சட்டத்தில் 12 மாத விலக்கு உண்டு. மற்ற இடங்களில் நீங்களே காட்டியது, முன்பே வெளியான பழைய அறிவாக உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு ஏற்கெனவே புவிசார் குறியீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது அந்தப் பெயரை அந்த வட்டாரத் தயாரிப்பாளர்களுக்குக் காக்கிறது. உங்கள் நெம்புகோலுக்கு அதனால் பயனில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் பார்த்த பிறகு அந்தத் தேசியக் கொள்கையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. கட்டணக் குறைப்பு நல்ல காரியம். ஆனால் சிறு பட்டறை தோற்கும் இடம் 1,600 ரூபாயில் இல்லை, அந்த ஒன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த காப்புரிமை முகவரின் ஊதியம் அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. 2022-இல் வந்த, குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்ஈ) அமைச்சகத் திட்டம் உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் உரிமை கிடைத்த பிறகு, செலவைத் திருப்பித் தருவதாக. எழுதும் நாளில் பணமில்லாதவருக்கு அது தாமதமான உதவி. முகவர் ஊதியத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாடு 2016 முதல் ஸ்டார்ட்அப்களுக்கு இருக்கிறது. இருபது வருடமாக லேத் ஓட்டும் பட்டறை ஸ்டார்ட்அப் கணக்கில் வராது. அதே ஏற்பாட்டை உத்யம் பதிவு உள்ள எல்லோருக்கும் விரிப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. எத்தனை விண்ணப்பம் வந்தது என்று எண்ணிப் பெருமைப்படுவதைவிட, எத்தனை உரிமைகோரல்கள் பரிசோதனையில் நின்றன என்று எண்ணட்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். ஜெர்மனியில் 1891 முதல் சிறு மேம்பாடுகளுக்கென்றே ‘பயன்பாட்டு மாதிரி’ என்ற எளிய உரிமை இருக்கிறது. புதுமையை முன்கூட்டிப் பரிசோதிக்காமல் சீக்கிரம் பதிவாகும், அதிகபட்சம் பத்து வருடம் நிற்கும். ஜப்பானிலும் சீனாவிலும் உண்டு. இந்தியாவில் 2011-இல் அரசு இதுபற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது. சட்டம் இன்னும் வரவில்லை. பரிசோதிக்காமல் பதிவானால் குப்பை உரிமைகள் குவியும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. வழக்குப் போடும் முன் கட்டாயப் பரிசோதனை என்று ஒரு விதி வைத்தால் அந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்கலாம். கோவை, ராஜ்கோட், லூதியானா பட்டறைகளில் நடக்கும் மேம்பாடுகளில் பெரும்பாலானவை நெம்புகோல் அளவிலானவைதான். அவற்றுக்கு இன்றைய காப்புரிமை பெரிய சட்டை.