முதலில் தேதியைப் பாருங்கள்

பல மாதங்களாகத் தொடாமல் வைத்திருந்த பழைய மடிக்கணினியை ஒருநாள் எடுத்து இயக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளில் ஒரே ஒரு வரி: இயங்குதளம் கிடைக்கவில்லையாம். வன்தட்டு செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதியதைத் தேடவும் தொடங்கிவிட்டேன். ஏதோ நினைப்பில், கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் அமைப்புத் திரைக்குள் நுழைந்தபோதுதான் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. 2012 ஜனவரி 1. வன்தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினிக்கு மறதி வந்திருந்தது.

பவர் பொத்தானை அழுத்தும் கணத்தில் கணினியின் மூளையான செயலிக்கு எதுவுமே தெரியாது. நினைவகம் வெறுமையாக இருக்கும். வன்தட்டு என்று ஒன்று இருப்பதையே அது அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிறவியிலேயே பதிந்த ஒரு முகவரி மட்டும். அந்த முகவரியில், தாய்ப்பலகையில் பொருத்திய ஒரு சில்லில், பயாஸ் என்ற சிறு நிரல் காத்திருக்கிறது. நினைவகம், விசைப்பலகை, திரை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அது சோதிக்கும். பிறகு எந்த வட்டிலிருந்து, எந்த முறையில் தொடங்குவது என்று தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும்.

அந்தக் குறிப்பேடு மிகச் சிறியது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில், கடிகாரமும் 64 பைட் நினைவகமும் ஒரே சில்லில் இருந்தன. அதில் 14 பைட்களைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. மீதி 50 பைட்களில்தான் அமைப்புகள் எல்லாம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். இந்த வாக்கியத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. சிமாஸ் என்று அழைக்கப்படும் அந்த நினைவகம் மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே கணினி அணைந்திருக்கும்போதும் அதற்கும் கடிகாரத்துக்கும் மின்சாரம் ஊட்ட ஒரு தனிப் பேட்டரி வைத்தார்கள். பின்னாளில் அது பெரும்பாலும் பொத்தான் பேட்டரி ஆனது.

கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? 15 முறை பாதியாக்கிக்கொண்டே வந்தால் சரியாக 1 கிடைக்கும். அதுதான் ஒரு நொடித் துடிப்பு. கைக்கடிகாரங்களிலும் இதே கணக்குதான். இந்த வேலைக்குப் பெரும்பாலும் வைக்கும் பேட்டரி சிஆர்2032: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். அளவுகள் பெயரிலேயே இருக்கின்றன.

மடிக்கணினியின் பெரிய பேட்டரியில் மின்சாரம் இருக்கும்வரை பொதுவாகக் கடிகாரம் அதிலிருந்தே பிழைத்துக்கொள்ளும். பெரியது காலியாகி, சார்ஜரும் இல்லாமல் கிடக்கும் நாட்களில்தான் சிறியது கரைகிறது. அலமாரியில் ஓய்வெடுத்த கணினிக்கே இந்த நோய் அதிகம் வருவது அதனால்தான்.

அந்தப் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் என்ன நடக்கும்? பயாஸ் தன் அமைப்புகளின் கூட்டுத்தொகையையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கும். தொடங்கும்போது மறுபடி கூட்டிப் பார்த்து, தொகை ஒத்துவராவிட்டால் எதையுமே நம்பாது. ஆலையில் வைத்த அமைப்புகளுக்கே திரும்பிவிடும். பயாஸின் புதிய வாரிசான யூஇஎஃப்ஐ வகைக் கணினிகள் அமைப்புகளை மின்சாரம் தேவைப்படாத சில்லில் வைக்கின்றன. ஆனாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் அறுந்ததைக் கண்டால் அவற்றில் பலவும் இதையே செய்கின்றன.

வினை இங்கேதான். ஆலை அமைப்பில் தொடக்க முறை நம்முடையதிலிருந்து வேறாக இருக்கலாம். பழைய முறையில் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்களைப் படித்து, அங்கிருக்கும் குறுநிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். யூஇஎஃப்ஐ முறையிலோ, வட்டில் அதற்கென்றே ஒதுக்கிய பகுதியில் ஒரு கோப்பைத் தேடும். ஒரு முறைக்காக நிறுவிய வட்டு மற்றதன் கண்ணுக்கு வெற்று வட்டுதான். அதேபோல் கணினி வட்டோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா பிரிவில், ஏஹெச்சிஐ, ஐடிஇ என்ற இரு முறைகளில் ஒன்று மற்றதாக மாறிப்போனால், விண்டோஸ் பாதி எழுந்து நீலத்திரையில் விழக்கூடும். இரண்டு கோளாறுமே, அமைப்பைப் பழையபடி மாற்றினால் சரியாகிவிடும். இதற்காக இயங்குதளத்தை மறுபடி நிறுவுவது, சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பதுபோல.

எஃப்2, டெலிட், எஸ்கேப் என்று அமைப்புத் திரைக்கான விசை கணினிக்குக் கணினி வேறுபடும். அழுத்தியும் பிடிபடவில்லையென்றால், விண்டோஸ் 8-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் அணைத்துத் தொடங்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். அவற்றில் வழக்கமான அணைப்பு பாதித் தூக்கம்தான். எதையும் மாற்றுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மீட்புக் குறியீடு கையில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சோதனை எளிது. தேதியைச் சரிசெய்து சேமித்து, அணைத்து, சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் கழற்றிச் சில மணி நேரம் விடுங்கள். தேதி மறுபடி பின்னோக்கி ஓடினால் குற்றவாளி பொத்தான் பேட்டரியே. இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை என்று அடம்பிடிப்பதும் இதன் அறிகுறிதான். பத்தாண்டு பின்னால் நிற்கும் கணினிக்கு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே!

மடிக்கணினியில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில், இரண்டு கம்பிகளோடும் சிறு செருகியோடும் இருக்கும். சில பழைய கணினிகளில் மறுபடி சார்ஜ் ஏறும் வகை உண்டு. அதன் இடத்தில் சாதாரண லித்தியம் பேட்டரியைப் பொருத்துவது ஆபத்து. அதே வகையைத்தான் போட வேண்டும். இதைக் கழற்றினால் மறந்துபோன பயாஸ் கடவுச்சொல்லும் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை பல மடிக்கணினிகளில் பலிக்காது. கடவுச்சொல் அங்கே மின்சாரம் தேவைப்படாத வேறு சில்லில் இருக்கிறது.

என் கணினியில் தொடக்க முறையை மாற்றிச் சேமித்ததும் இயங்குதளம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது. புதிய பேட்டரி வந்து சேரும்வரை சார்ஜரைக் கழற்றவே இல்லை.