பூங்காவுக்குள் கடை வரும்போது குடியிருப்போருக்கு உள்ள உரிமை

பூங்கா நிலம் ஆவணங்களில் மாநகராட்சியின் பெயரிலோ நகராட்சியின் பெயரிலோ இருக்கலாம். அதனாலேயே அதில் கடை கட்டி வாடகைக்கு விடும் உரிமை அந்த அமைப்புக்கு வந்துவிடுவதில்லை. பூங்காவில் உணவகம், வாகன நிறுத்தக் கட்டடம், கட்டண விளையாட்டரங்கு என்று ஏதேனும் வரப்போகிறது என்ற செய்தி பரவும்போது, எதிர்ப்புத் தெரிவிக்கும் மக்களிடம் அதிகாரிகள் முதலில் சொல்வது "இது எங்கள் இடம்" என்பதுதான். அந்தப் பதில் சட்டத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையும், தமிழ்நாட்டில் குடியிருப்போர் அதை எந்த வழிகளில் கேள்விக்கு உட்படுத்தலாம் என்பதையும் இந்த விளக்கம் சொல்கிறது.

முதலில், அந்த நிலம் பூங்காவாக எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நகரங்களில் உள்ள சிறு பூங்காக்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவுகளிலிருந்து வந்தவை. பெரிய நிலப்பரப்பை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக மீதியுள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கென ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி உள்ளது. இதைத்தான் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் என்கிறோம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் நிலமாகவே தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள பரப்பில் நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் இடமுண்டு. மனை விற்பவர் இந்த 10 விழுக்காட்டைத் தன் கையிலிருந்து தருவதில்லை என்பது மனை வாங்கிய எவருக்கும் தெரியும்; அதன் விலை மற்ற மனைகளின் விலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஆகவே அந்தப் பூங்காவுக்கு அங்குக் குடியிருப்போர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டனர். இந்த ஒரு விவரத்தை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுவது நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் மனுதாரர் சலுகை கேட்கவில்லை, விலை கொடுத்துப் பெற்ற ஒன்றைக் காக்கவே கேட்கிறார் என்பது அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

மனைப்பிரிவில் வராத பழைய பூங்காக்களுக்கும் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1959-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட்டு அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதும், பட்டியலில் இடம்பெற்ற இடத்தை அரசின் முன் அனுமதியின்றி வேறு பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்பதும் இச்சட்டத்தின் சாரம். வார்டு அலுவலகத்தில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் புருவம் உயர்த்துவோரே அதிகம். ஆனால் சட்டம் பழையது என்பதால் அது செல்லாததாகிவிடாது.

"அரசின் அனுமதி இருந்தால் முடிந்தது அல்லவா?" என்று அடுத்த கேள்வி எழும். இதற்கான பதிலை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில்தான் தேட வேண்டும். அவற்றில் இரண்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், நகர வளர்ச்சித் திட்டத்தில் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு மனை, முதலமைச்சர் மட்டத்தில் வந்த உத்தரவின் பேரில், தனியார் அறக்கட்டளை ஒன்று மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டது. அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடர்ந்தனர். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1991-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கே வரவிருந்தது மதுக்கடையோ வணிக வளாகமோ அல்ல, மருத்துவமனை என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனால் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை அதற்குத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கு இல்லை என்றது நீதிமன்றம். திட்டத்தை மாற்றுவதென்றால் சட்டம் சொல்லும் முறைப்படி மாற்ற வேண்டும். கோப்பில் எழுதும் ஒரு குறிப்பினால் மாற்ற முடியாது. அத்துடன், அப்பகுதியில் வாழ்பவர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதி உண்டா என்ற ஆட்சேபனையும் அந்தத் தீர்ப்பில் தள்ளப்பட்டது. இன்றும் "நீங்கள் யார் கேட்பதற்கு?" என்ற தொனியில் பதில் வரும்போது எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு இதுவே.

இரண்டாவது வழக்கு லக்னோவைச் சேர்ந்தது. அமீனாபாத் பகுதியில் விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த ஜண்டேவாலா பூங்காவின் அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்ட, ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே 1993-இல் ஒரு கட்டுமான நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. வாகன நெரிசல் குறையும், வாகன நிறுத்தம் கிடைக்கும், மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்றெல்லாம் வாதிடப்பட்டது. பூங்காவைப் பராமரிக்கும் கடமையுள்ள அமைப்பே அதைக் கைமாற்றிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் முடிவு செய்து, கட்டியதை இடித்துப் பூங்காவை மீண்டும் அமைக்கும்படி உத்தரவிட்டது. ஏற்கெனவே பெருந்தொகை செலவாகிவிட்டது என்ற வேண்டுகோளையும் அது ஏற்கவில்லை.

இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது பொது நம்பிக்கைக் கோட்பாடு. ஆறு, கடற்கரை, காடு, பூங்கா போன்றவற்றை அரசு மக்களுக்கான அறங்காவலராக வைத்திருக்கிறதே தவிர, விற்றுப் பயன்பெறும் உரிமையாளராக வைத்திருக்கவில்லை என்பது அதன் பொருள். பியாஸ் ஆற்றங்கரை விடுதி தொடர்பான வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

இனி, எதை வணிகமயம் என்று சொல்வது என்ற கேள்விக்கு வருவோம். எதிர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, காவலாளி அறை, நடைப்பயிற்சி முடித்தவர் பால் வாங்கும் சிறு விற்பனை நிலையம் ஆகியவை பூங்காவின் பயன்பாட்டுக்குத் துணையானவை. இவற்றையும் சேர்த்து எதிர்த்தால் உண்மையான புகார் நீர்த்துப்போகும். மாறாக, பூங்காவுக்கு வராதவரும் வாடிக்கையாளராக வந்துபோகும் உணவகம், நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடப்படும் அரங்கம், கட்டணம் கட்டாதவர் நுழைய முடியாதபடி வேலியிடப்பட்ட ஆடுகளம் போன்றவை பூங்காவின் தன்மையையே மாற்றுபவை. சிறு கடையாக அனுமதி பெற்று வந்து, முதலில் நான்கு நெகிழி நாற்காலிகள், பிறகு அவற்றுக்கு நிழலாக ஒரு கொட்டகை, பிறகு மழையில் சேறாகிறது என்று சொல்லி ஒரு சிமென்ட் தளம் என வளர்வதும் உண்டு. சிமென்ட் கலவை வந்து இறங்கும் நாள் வரை பொறுத்திருக்கக் கூடாது.

"பராமரிக்கப் பணம் இல்லை" என்ற வாதத்தை ஒரேயடியாகப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளாட்சிகளின் நிதிநிலை பல இடங்களில் நெருக்கடியில்தான் இருக்கிறது. ஆனால் பராமரிப்பைத் தனியாரிடம் ஒப்படைப்பது வேறு, நுழையும் உரிமையைத் தனியாரிடம் ஒப்படைப்பது வேறு. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்கள் சிலவற்றைக் கட்டண அடிப்படையில் தனியார் வசம் விடத் தீர்மானம் நிறைவேற்றி, எதிர்ப்பு எழுந்தவுடன் அதைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே, தீர்மானம் சூடாக இருக்கும்போதே எழும் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு அது சான்று.

நடைமுறையில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, ஆவணங்களைக் கையில் எடுப்பது. ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல், தானப் பத்திரத்தின் நகல், அந்தப் புல எண்ணுக்கான வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் அடிப்படை. வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் "பூங்கா" என்று எழுதியிருக்கும் ஒரே சொல்லின் மேல்தான் பெரும்பாலும் முழு வழக்கும் நிற்கும். தானப் பத்திரத்தில் "பூங்கா பயன்பாட்டுக்கு மட்டும்" என்பது போன்ற நிபந்தனை இருந்தால் இன்னும் நல்லது.

மற்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். "பூங்காவை ஏன் அழிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, அது கேள்வியே தவிர ஆவணம் அல்ல. "இன்ன புல எண்ணில் உள்ள பூங்காவில் கட்டுமானத்துக்கு அனுமதி அளித்த மன்றத் தீர்மானத்தின் நகல், அரசின் முன் அனுமதி ஆணையின் நகல், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, உரிமம் அல்லது குத்தகை உடன்படிக்கை, 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பூங்காப் பட்டியலில் தொடர்புடைய பக்கம் ஆகியவற்றைத் தருக, கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதிக்குக" என்று எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். "அத்தகைய ஆணை இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற ஒரு வரிப் பதில் கிடைத்தால் சோர்ந்துவிட வேண்டாம். அனுமதியே பெறப்படவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆணையருக்கு எழுத்துவடிவ ஆட்சேபனையை விரைவு அஞ்சலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பாதுகாக்க வேண்டும். நிலப்பயன் மாற்றத்துக்கான அறிவிப்பு வெளிவந்தால், அதில் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக ஆட்சேபனை தருவது, நூறு கையெழுத்துள்ள ஒரே மனுவைவிடப் பலனளிக்கும். மாநகரங்களில் குடியிருப்போருக்காகக் கூட்டப்படும் பகுதி சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வதும் பயன்படும். அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், மக்கள் தொடக்கத்திலேயே எதிர்த்தனர் என்பதற்கு நாளிட்ட பதிவாக நிற்கும்.

இவை எதற்கும் அசைவு இல்லையென்றால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அந்த மனைப்பிரிவில் வீடுள்ளவர் தன் சொந்த உரிமையின் பேரிலேயே வரலாம். பொது நல வழக்காகத்தான் தொடர வேண்டும் என்பதில்லை. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு என்பதால், செலவுக்கு அஞ்சும் நலச்சங்கங்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்கறிஞரிடம் இரண்டை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: முதல் நாளிலேயே கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை கேட்க வேண்டும், அனுமதியை ரத்து செய்யக் கோருவதோடு நிறுத்தாமல், எழுப்பியதை அகற்றி மண்ணும் மரமுமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் மனுவின் கோரிக்கைப் பகுதியில் எழுத வேண்டும்.