பொன்முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய புத்தகத்தை மதிப்பிடச் சொல்லி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முன்னட்டை மேலே தெரியும்படிதான் நீட்டுவார்கள். சிவப்பு மொராக்கோ ஆட்டுத்தோல், நடுவே தங்கத்தில் பதித்த கேடயம், அதன்மேல் ஒரு கிரீடம். "பிரெஞ்சு அரச குடும்பத்துல இருந்ததாம்" என்று சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். நான் வாங்கியதும் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னட்டையின் உட்புறத்தைத் திறப்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும்.

அவமதிப்பு ஒன்றுமில்லை. ஒரு புத்தகத்தில் பிற்காலத்தில் எளிதாகச் சேர்க்கக்கூடியது அந்தப் பொன்முத்திரைதான். வெறுமையான பழைய தோல் அட்டை ஒன்று, பித்தளையில் செதுக்கிய அச்சு, மெல்லிய தங்கத்தாள், அளவான சூடு, பழகிய கை. இவ்வளவு இருந்தால் யாரோ ஒரு வக்கீல் வைத்திருந்த புத்தகம் ஒரே நாளில் பிரபுவின் புத்தகமாகிவிடும். விலையும் பல மடங்கு ஏறிவிடும். தையலையும் தாளையும் புழு தின்ற துளையையும் அப்படி ஜோடிப்பது கடினம். அதனால் என் வரிசையில் முத்திரைக்குக் கடைசி இடம்.

அந்தக் கேடயத்தில் இருக்கும் ஐரோப்பியப் பிரபுக்களின் குலச்சின்னம் வெறும் அலங்காரம் அல்ல. படிக்கத் தெரிந்தவருக்கு அது காலத்தையே சொல்லும். பிரெஞ்சு வரலாற்றாசிரியரும் பெரும் நூல் சேகரிப்பாளருமான ஜாக் ஓகுஸ்த் து தூ திருமணத்துக்கு முன் கட்டுவித்த புத்தகங்களில் அவருடைய கேடயம் மட்டும் இருக்கும். 1587-இல் மணமானபின் மனைவியின் கேடயமும் பக்கத்தில் வந்தது. அந்த மனைவி இறந்து, 1602-இல் து தூவுக்கு மறுமணம் நடந்தபோது பக்கத்துக் கேடயம் மாறியது. ஆகவே 1595-இல் அச்சான நூலில் அவருடைய தனிக்கேடயம் மட்டும் இருந்தால் கேள்வி எழ வேண்டும். அவர் 1617-இல் காலமான பிறகும் அந்த நூலகம் குடும்பத்தின் கையில் வளர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதினைந்தாம் லூயியின் மகள்கள் மூவர் வேறொரு வகை. மூவருக்கும் ஒரே சின்னம், ஆனால் தோலின் நிறம் வேறு: அதெலாயித்துக்குச் சிவப்பு, விக்துவாருக்குப் பச்சை, சோஃபிக்கு எலுமிச்சை மஞ்சள். விற்பவர்கள் இதை ஆர்வமாகச் சொல்வார்கள். பச்சைத்தோல் வெளிச்சம் பட்டுப் பட்டு முதுகுப் பக்கம் பழுப்பாகிவிடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் தோல் உட்புறம் மடியும் இடத்தில் பாருங்கள். வெளிச்சம் எட்டாத அங்கேதான் சாயம் அப்படியே நிற்கும்.

அரச சின்னம் இருந்தாலே அரசர் வைத்திருந்த நூல் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பைண்டர்கள் டியூடர் அரச சின்னத்தைச் சாதாரண விற்பனைப் பிரதிகளிலும் பதித்தார்கள். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். ஊர், கல்லூரி சின்னம் பதித்த பிரெஞ்சுப் புத்தகங்களில் கணிசமானவை மாணவர்களுக்குக் கொடுத்த பரிசுகள். அழகான பொருள்கள்தான், ஆனால் அரண்மனை விலை கொடுக்க வேண்டியதில்லை.

போலிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஹாகே என்ற பைண்டர், உண்மையான பழைய அட்டைகளை எடுத்து, மறுமலர்ச்சிக் கால மன்னர்களும் பிரபுக்களும் வைத்திருந்தவை போல அலங்கரித்தார். ஜான் பிளாக்கர் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் அவற்றைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிக் குவித்தார். 1897-இல் அந்தத் தொகுப்பு ஏலத்துக்கு வந்தபோது போலி என்றே விலைபோனது. இன்று ஹாகேயின் வேலைக்கென்றே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர் கைத்திறன் அப்படி.

ஏமாற்று இல்லாமலே தவறு நடப்பதும் உண்டு. அட்டை நடுவே கிரேக்கக் கடவுள் அப்பல்லோ தேரோட்ட, பெகாசஸ் என்ற சிறகுக்குதிரை பாறைமேல் நிற்கும் புகழ்பெற்ற முத்திரை ஒன்று. அது பதித்த புத்தகங்களை நெடுங்காலம் போப்பின் மருத்துவர் கனேவாரியுடையவை என்றே பட்டியல்கள் எழுதின. கட்டு வேலை நடந்தது 1540-களில், ரோமில். கனேவாரி பிறந்ததோ 1559-இல். ஜெனோவாவைச் சேர்ந்த ஜியோவான்னி பத்திஸ்தா கிரிமால்டிக்காகக் கட்டியவை என்று ஆந்தனி ஹாப்சன் 1975-இல் நிறுவினார். பட்டியலில் அச்சான பெயரை அடுத்த பட்டியல்காரர் பார்த்து எழுதுவார், அதை அதற்கடுத்தவர் எழுதுவார். இந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

சரி, மேசைமேல் வந்த புத்தகத்தில் நான் என்ன பார்க்கிறேன்? அதிகம் ஏமாற்றுவது முத்திரைகூட இல்லை, அட்டை மாற்றம். ஒரு நல்ல பழைய அட்டையைக் கழற்றி, விலையுயர்ந்த வேறொரு நூலின் உள்ளுடலுக்குப் பொருத்திவிடுவார்கள். இரண்டுமே அசல், சேர்க்கைதான் பொய். இதற்குப் புழுதான் முதல் சாட்சி. அட்டையில் நுழைந்த புழு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடாது. துளை, அட்டையின் உட்புறம் ஒட்டிய ஒட்டுத்தாள் வழியாக அச்சுப் பக்கங்களுக்குள்ளும் போயிருக்கும். அட்டையில் மூன்று துளை, முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை என்றால் அவை இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவைதானா என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்தது தோலின் கறை. உள்ளே மடிந்த தோலின் அமிலம் எதிரே இருக்கும் தாளின் ஓரத்தில் பழுப்புச் சட்டம் போல இறங்கும். அந்தச் சட்டத்தின் அளவும் மடிப்பின் அளவும் பொருந்த வேண்டும். பிறகு முதுகிலுள்ள மேடுகள். அவை தையல் கயிறுகளின் மேல் எழுந்தவை என்றால், தாள்மடிப்பின் நடுவே நூல் தெரியும் இடங்களும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். முதுகில் ஐந்து மேடு, உள்ளே நாலு இடத்தில் தையல் என்ற புத்தகங்கள் வருகின்றன. சில அட்டைகளில் போலி மேடு வைத்த காலமும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பழைய கைத்தாளில் கம்பிக் கோடுகள் தெரியும். கோடில்லாத வழவழப்பான தாள் ஐரோப்பிய நூலில் முதன்முதலில் வந்தது 1757-இல், ஆங்கிலேய அச்சாளர் பாஸ்கர்வில் அச்சிட்ட லத்தீன் கவி வெர்ஜிலின் நூலில். ஆகவே 1650-ஆம் ஆண்டுக் கட்டு என்று சொல்லும் புத்தகத்தின் ஒட்டுத்தாளில் கோடு இல்லையென்றால் யாரோ பின்னாளில் கை வைத்திருக்கிறார்கள். நேர்மையான பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். ஆனால் விவரக்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகே முத்திரைக்கு வருவேன், உருப்பெருக்கியோடு. தோலின் வெடிப்பு முத்திரையையும் சேர்த்துப் பிளந்திருக்கிறதா, அல்லது தங்கம் வெடிப்புக்குள்ளே இறங்கிப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வெடித்த பிறகு பதித்தால்தான் தங்கம் பள்ளத்துக்குள் போகும்.

தோல் சொல்வதோடு காகிதமும் ஒத்துப்போக வேண்டும். பிரபுக்களின் நூலகங்கள் அவர்கள் இறந்ததும் பெரும்பாலும் அச்சிட்ட பட்டியலோடு ஏலம் போயின. பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பொம்பதூரின் நூலகப் பட்டியல் 1765-இல் அச்சானது. அவருடைய சின்னமான மூன்று கோபுரம் பதித்த புத்தகம் உங்கள் கைக்கு வந்தால் அந்தப் பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை. அலமாரி எண், உடைமையாளர் தன் பெயரோடு உள்ளே ஒட்டிய பழைய உரிமைச்சீட்டு, வியாபாரியின் பென்சில் குறி என்று ஒவ்வொரு கையும் ஏதாவது தடம் விட்டிருக்கும். நூறாண்டுக்கு ஒரு தடமும் இல்லையென்றால் எனக்கு உறுத்தும்.

பிரபுவின் முத்திரை நிபுணர்களையே மயக்கிய கதைக்கு வெகுதூரம் போக வேண்டாம். கலிலியோ 1610-இல் வெளியிட்ட நட்சத்திர நூலின் பிரதி ஒன்று, நிலவின் வண்ணச் சித்திரங்களோடு, 2005-இல் நியூயார்க் வியாபாரிகளின் கைக்கு வந்தது. அதில் இளவரசர் ஃபெதெரிகோ செசியின் நூலக முத்திரையும் இருந்தது. அறிஞர்கள் ஆராய்ந்து அசல் என்றார்கள். மற்ற செசி நூல்களில் உள்ள முத்திரையோடு இது ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்த வரலாற்றாய்வாளர் நிக் வில்டிங் கேள்வி கேட்கத் தொடங்கினார். 2012-இல் நூலே போலி என்று வெளியானது. அதன் பின்னணியில் இருந்த மரினோ மாசிமோ தெ காரோ, நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத்துக்கு இயக்குநராக அமர்ந்து அங்கிருந்தே நூல்களைத் திருடியவர்.

திருட்டு என்றால் குல்யெல்மோ லிப்ரியைச் சொல்லாமல் தீராது. பிரான்ஸில் நூலகங்களை ஆய்வு செய்யும் பதவியில் இருந்துகொண்டே சுருட்டினார். புளோரி மடத்தின் பெயரைச் சுரண்டித் திருத்திப் புளோரன்ஸ் ஆக்கி விற்றார். 1848-இல் லண்டனுக்கு ஓடினார். 1850-இல் அவர் இல்லாமலே பாரிஸ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. இன்றும் முகப்புப் பக்கத்தில் சுரண்டிய, கழுவிய, ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். அழித்த நூலக முத்திரை பல நேரம் எழுந்து நிற்கும். நூலகமே விலக்கி விற்றதற்கான குறி இல்லாமல் பொது நூலக முத்திரை மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 1471-இல் வால்டார்ஃபர் அச்சிட்ட பொக்காச்சியோவின் கதைத்தொகுப்பான டெக்கமெரானை ராக்ஸ்பர்க் பிரபுவின் ஏலத்தில் 1812-இல் பிளாண்ட்ஃபர்ட் பிரபு 2,260 பவுண்டுக்கு எடுத்தார். விடாமல் போட்டியிட்டுத் தோற்றவர் ஸ்பென்சர் பிரபு. ஏழே ஆண்டில் பிளாண்ட்ஃபர்ட் கடனில் மூழ்க, அதே பிரதி 918 பவுண்டுச் சொச்சத்துக்கு ஸ்பென்சர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

வாங்கியபின் செய்யும் கேடுகளில் முதலிடம் எண்ணெய்க்கு. 19-ஆம் நூற்றாண்டுத் தோல் சிவப்புப் பொடியாக உதிர்வதற்குக் காரணம் வறட்சி என்று நினைத்து ஆளாளுக்கு ஏதாவது பூசுகிறார்கள். நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் இருந்த கந்தக டை ஆக்ஸைடை உறிஞ்சி, தோலுக்குள் அமிலமாக மாறியதன் விளைவு அது. எண்ணெய் அதை மாற்றாது. பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், தாளுக்கும் ஊறும். உதிரும் தோலை இறுக்கும் பூச்சுகள் இருக்கின்றன, அதைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். உங்கள் பங்குக்கு அளவெடுத்த பெட்டி ஒன்று போதும். ஈரப்பதம் ஏறியிறங்காமல் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும். கன்றின் பதப்படுத்திய வெண்தோல் அட்டை ஏற்ற இறக்கம் கண்டால் முறுக்கிக்கொள்ளும். பருத்திக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள். பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளி, முதுகின் நடுவில் பிடித்து எடுங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: கட்டு நூலின் காலத்ததா, சின்னம் கட்டின் காலத்ததா, முதுகு மாற்றியதா, இதற்கு முன் எந்த ஏலத்தில் வந்தது. நல்ல வியாபாரி சலித்துக்கொள்ள மாட்டார். "இன்னாருடையதாகக் கருதப்படும்", "அந்தப் பாணியில்", "சின்னம் பிற்காலத்தது" என்று பட்டியலில் சிறிய எழுத்தில் வருபவற்றுக்குத்தான் விலையில் பெரிய வித்தியாசம். கிடைத்த பதிலையும் ரசீதையும் பழைய பட்டியல் துண்டையும் புத்தகத்துக்குள் செருகாமல் தனி உறையில் வையுங்கள். மலிவுத்தாளின் அமிலம் பக்கத்தில் இறங்கும். உள்ளே இருக்கும் பழைய உரிமைச்சீட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பிரிக்க வேண்டாம். உங்கள் பெயரை எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்பென்சிலால், பின்பக்க ஒட்டுத்தாளின் மூலையில் எழுதுங்கள்.