ஹார்ட் பிளாக்: முழு மின்கடத்தல் தடை

"அப்பாவுக்கு ஹார்ட்ல பிளாக் இருக்காம்" என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் கரோனரி தமனியில் கொழுப்பு படிந்து இரத்த ஓட்டம் குறைந்திருப்பதைத்தான். கேஸ் ஷீட்டில் 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' என்று இருந்தால் அது வேறு நோய். மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்காமல் நின்றுவிட்டது என்று பொருள். குழாய் எதுவும் அடைபடாமலே இது வரலாம்.

'பிளாக்' என்ற சொல்லை இதயத்துக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜின் உடலியல் அறிஞர் வால்டர் காஸ்கெல். 1880களில் தவளை, ஆமை இதயங்களில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள திசுவை இறுக்கிப் பிடித்து, துடிப்பு கீழே போகாமல் நிற்பதைக் காட்டினார். நோயின் முகம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது: மிக மெதுவான நாடியும் திடீர் மயக்கமும் சேர்ந்து வருவதை டப்ளின் மருத்துவர்கள் ராபர்ட் ஆடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இலும் எழுதினார்கள். ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கம் என்ற பெயர் அப்படி வந்தது. தடை எந்த இடத்தில் விழுகிறது என்பது பின்னால் விளங்கியது: 1893இல் விவரிக்கப்பட்ட ஹிஸ் கற்றை (தூண்டலைக் கீழறைக்குக் கொண்டுபோகும் நார்க்கட்டு), 1906இல் சுனாவோ தவாரா விவரித்த ஏ.வி. கணு (மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மின்முடிச்சு).

தமிழில் 'இதய அடைப்பு' என்று எழுதினால் தமனி அடைப்போடு குழம்பும். 'மின்தடை' இயற்பியலில் வேறொன்று. பேச்சு வழக்கில் கரண்ட் போவது. 'இதய மின்கடத்தல் தடை' நீளம்தான், ஆனால் எது தடைபட்டது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. 'முழு' என்பதும் முக்கியம். தடையின் முதல் நிலையில் உண்மையில் தடையே கிடையாது, தாமதம் மட்டுமே: பி-ஆர் இடைவெளி (ஈசிஜியில் மேலறைத் தூண்டலைக் காட்டும் பி அலை தொடங்கி, கீழறைத் தூண்டலைக் காட்டும் க்யூஆர்எஸ் தொடங்கும்வரை உள்ள நேரம்) 0.20 நொடியைத் தாண்டும், ஆனால் எல்லாத் தூண்டலும் கீழே சேரும். இரண்டாம் நிலையில் சில சேரும், சில சேராது. மூன்றாம் நிலையில் ஒன்றுகூடச் சேராது. இதுதான் முழுத் தடை.

அப்போது கீழறையைத் துடிக்க வைப்பது, தடைக்குக் கீழே உள்ள திசு தானாக எழுப்பும் துடிப்பு. ஆங்கிலத்தில் இதை 'எஸ்கேப்' என்பார்கள். உயிரைக் காப்பதால் 'காப்புத் துடிப்பு' என்பது பொருத்தம். கணுவை ஒட்டி எழுந்தால் நிமிடத்துக்கு 40–60, க்யூஆர்எஸ் குறுகலாக இருக்கும். கீழறையிலேயே எழுந்தால் 20–40, க்யூஆர்எஸ் அகலம். இது எந்த நேரமும் நின்றுபோகலாம்.

ஈசிஜியில் கண்டுபிடிக்க ஒரு காகித விளிம்பு போதும். அடுத்தடுத்த இரண்டு பி அலைகளுக்குக் குறி வைத்து, அதே இடைவெளியில் நகர்த்திக்கொண்டே போங்கள். சில பி அலைகள் க்யூஆர்எஸ்ஸுக்குள்ளோ அதைத் தொடர்ந்து வரும் டி அலைக்குள்ளோ ஒளிந்திருக்கும். குறி அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு க்யூஆர்எஸ்ஸுக்கும் அதையே செய்யுங்கள். இரண்டும் தனித்தனியே சீராக, பி வேகமாக, க்யூஆர்எஸ் மெதுவாக, பி-ஆர் இடைவெளி எந்த ஒழுங்குமின்றி மாறிக்கொண்டிருந்தால் முழுத் தடை. மாணவர்கள் அதிகம் தவறுவது இரண்டாம் நிலைத் தடையின் ஒரு வகையான வெங்க்கபாக்குடன் குழப்பிக்கொள்வதில்தான். வெங்க்கபாக்கில் பி-ஆர் படிப்படியாக நீண்டு ஒரு துடிப்பு விடுபடும், அதனால் க்யூஆர்எஸ் இடைவெளி சீராக இருக்காது.

ஈசிஜி பட்டையைப் பார்த்த கையோடு நோயாளியைப் பாருங்கள். இரத்த அழுத்தம் இறங்குகிறதா, புத்தி தெளிவில்லையா, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வேர்த்துக் குளிர்ந்த தோல் உண்டா? ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரை அழைத்து, ஐ.வி. வழி (சிரையில் மருந்து செலுத்தும் குழாய்), ஆக்சிஜன் அளவு, 12 லீட் ஈசிஜி எடுத்து, பேசிங் (வெளியிலிருந்து மின்தூண்டல் தந்து இதயத்தைத் துடிக்க வைப்பது) வசதியுள்ள டிஃபிப்ரிலேட்டர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியைப் படுக்கையருகே கொண்டுவர வேண்டும். நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர், டில்டியாசம், வெரபமில், டிஜாக்சின் எதுவும் போகிறதா என்று மருந்துச் சீட்டையும், பொட்டாசியம் அளவையும் பாருங்கள். இரண்டும் சரிசெய்யக்கூடிய காரணங்கள்.

மருத்துவர் உத்தரவின்படி, நாடியை வேகமாக்கும் அட்ரோபின் 1 மி.கி. ஐ.வி., 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. 0.5 மி.கி.க்குக் குறைவாகப் போட்டால் நாடி இன்னும் குறையக்கூடும். அட்ரோபின் வேலை செய்வது கணுவில். அகன்ற க்யூஆர்எஸ் என்றால் தடை அதற்குக் கீழே, பலனை எதிர்பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது. அப்போது தோல்வழி பேசிங், அல்லது டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5–20 மைக்ரோகிராம், அல்லது எபிநெஃப்ரின் நிமிடத்துக்கு 2–10 மைக்ரோகிராம். அகன்ற துடிப்பைக் கண்டு, கீழறைத் துடிப்பை அடக்கும் லிடோகெயினோ அமியோடரோனோ கொடுப்பது ஆபத்தான பிழை: மிச்சமிருக்கும் காப்புத் துடிப்பையும் அது நிறுத்திவிடும்.

பேசிங்குக்கு ஒரு பேட் நெஞ்சின் இடப்பக்கம், மற்றொன்று முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. டிமாண்ட் முறைக்கு (நோயாளியின் சொந்தத் துடிப்பு வராதபோது மட்டும் தூண்டுவது) அதே கருவியின் ஈசிஜி லீடுகளும் ஒட்டியிருக்க வேண்டும். வேகம் 60–80. பேசிங் தூண்டலைத் திரையில் காட்டும் ஒவ்வொரு கூர்கோட்டுக்குப் பின்னும் அகன்ற க்யூஆர்எஸ்ஸும் டி அலையும் வரும்வரை மில்லிஆம்பியரை ஏற்றி, அதற்கு மேல் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இதைத்தான் 'கேப்சர்' என்கிறோம். தமிழில் 'பிடிப்பு' எனலாம். திரையில் பிடித்தால் மட்டும் போதாது, இரத்தம் ஓடுகிறதா என்று தொடை நாடியில் உறுதிசெய்ய வேண்டும். கழுத்தில் தசை துள்ளுவது நாடிபோலத் தெரிந்து ஏமாற்றும். மானிட்டரும் கூர்கோடுகளையே துடிப்பாக எண்ணி 70 என்று காட்டலாம். நினைவோடு இருப்பவருக்கு இது கடுமையாக வலிக்கும். வலிநீக்கியும் மயக்க மருந்தும் தாமதிக்காமல் கேட்டு வாங்குங்கள்.

தோல்வழி பேசிங் இடைக்கால ஏற்பாடே. அடுத்தது சிரைவழித் தற்காலிக பேசிங். இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பில் வந்த தடை பெரும்பாலும் சில நாட்களில் தானே விலகும், அதனால் காத்திருப்பார்கள்; மீளாத தடைக்கு நிரந்தர இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்). "ஸ்டென்ட் எப்ப வைப்பீங்க?" என்று வீட்டார் கேட்டால், இரத்தக் குழாய் வேறு, மின்வழி வேறு, இதயமுடுக்கி அந்த மின்வழிக்கானது என்று விளக்குங்கள்.