வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பம்ப் அடிப்பது எப்படி?

மார்கழி மழையில் திருகோணமலைப் பக்கம் முட்டுக்காரர் (ஆஸ்துமா நோயாளிகள்) பாடு திண்டாட்டம். பம்ப் (இன்ஹேலர்) அடித்தும் இளைப்பு அடங்காத சிலருக்கு, தொண்டைக்குள் விட்ட குழாய் வழியே மூச்சைத் தள்ளும் இயந்திரமான வென்டிலேட்டர் பூட்ட வேண்டி வரும். அப்போதும் மருந்து மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சல்பியுட்டமோல்தான். ஆனால் பெரும்பங்கு குழாய்ச் சுவர்களில் ஒட்டியே வீணாகும்.

பம்பை, நோயாளியின் குழாயோடு சேரும் வளைந்த முழங்கை இணைப்பில் நேரே செருகினால் துளிகள் எதிர்ச்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். அதனால் உருளை ஸ்பேசர் (மருந்துத் துளிகள் பரவ இடம் தரும் கூடு) ஒன்றை உள்மூச்சுக் குழாயில், அதுவும் வெளிமூச்சுக் குழாயும் சேரும் வை (Y) வடிவ இணைப்பிலிருந்து சுமார் 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பூட்டுவார்கள். முதலில் சளியை உறிஞ்ச வேண்டும். மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் எச்.எம்.இ. வடிகட்டி வழியில் இருந்தால் கழற்ற வேண்டும். அது மருந்தையும் பிடித்துவிடும். பம்பைக் குலுக்கி, இயந்திரம் மூச்சைத் தள்ளத் தொடங்கும் கணத்திலேயே அமுக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் பலன் வெகுவாகக் குறையும். அடுத்த பஃபுக்கு (அமுக்கலுக்கு) 15 முதல் 20 விநாடி பொறுக்கலாம். பஃப் ஒன்றில் 100 மைக்ரோகிராம். பலருக்கு 4 பஃப் போதும், கடும் இழுப்பில் கூட்டுவார்கள். முடிந்ததும் வடிகட்டி திரும்ப ஏற வேண்டும்.

இயந்திரத்தின் ஈரமூட்டி சூடேற்றி ஈரமாக்கிய காற்றில் துளிகள் பருத்து வழியிலேயே படியும். இழப்பு 40 சதவீதத்தையும் தொடலாம். அதற்காக ஈரமூட்டியை நெடுநேரம் நிறுத்தினால் சளி காய்ந்து குழாயை அடைக்கும். மருந்தின் அளவைக் கூட்டுவதே மேல்.

பம்புக்குப் பதிலாக நெபுலைசராலும் (மருந்துக் கரைசலைப் புகையாக்கும் கருவி) கொடுக்கலாம். வாயு வேகத்தில் இயங்கும் ஜெற் நெபுலைசருக்கு 4 முதல் 5 மில்லிலீற்றர் கரைசலும் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் வாயுவும் தேவை. அந்த வாயு மூச்சின் அளவைக் கூட்டும். நோயாளி தானாக மூச்சிழுக்க முயல்வதை இயந்திரம் உணராமலும் போகலாம். வெளிமூச்சுப் பக்கம் வடிகட்டி இல்லாவிட்டால் மருந்து படிந்து இயந்திரத்தின் காற்றோட்டத்தை அளக்கும் உணரி பழுதாகும். அதிரும் நுண்வலையால் இயங்கும் மெஷ் நெபுலைசருக்கு மேலதிக வாயு வேண்டாம்.

மெதுவான, நீண்ட உள்மூச்சில் மருந்து கூடுதலாகப் படியும் என்பது உண்மைதான். ஆனால் முட்டு நோயாளிக்கு வெளிமூச்சு நேரம் குறைந்தால் காற்று நெஞ்சில் தேங்கும். அந்தப் பேராசை ஆகாது.

பலன் தெரிய, இயந்திரத் திரையில் காட்டும் உச்ச அழுத்தத்துக்கும் மூச்சை நிறுத்திப் பார்க்கும் சமநிலை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே ஓட்டவேகத்தில் அவை (சென்ரிமீற்றர் நீர் அளவில்) 42, 20 என்று இருந்தது 34, 20 ஆனால் மருந்து பிடித்திருக்கிறது. இறங்காவிட்டால், மேலும் அடிக்குமுன் குழாய் மடிந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டபடி கூட்டினால் நாடித்துடிப்பு ஏறும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும்.